நிற்கிற கார் லீற்றருக்கு எத்தனை கிலோமீற்றர் ஓடும்?

ஏ9 வீதியில் போகிறவர்கள் முறிகண்டியில் இறங்காமல் போவது அபூர்வம். பிள்ளையாருக்கு ஒரு தேங்காய், பிள்ளைகளுக்குக் கச்சான், பெரியவர்களுக்கு ஒரு தேத்தண்ணி. அண்மையில் சித்தப்பாவின் காரில் வவுனியாவுக்குப் போனபோது நாங்களும் இறங்கினோம். அம்மம்மா மட்டும் இறங்கவில்லை. வெளியே வெயில் கொளுத்தியதால் அவவுக்காக ஏசியைப் போட்டபடி காரை ஸ்டார்ட்டிலேயே விட்டுவிட்டுச் சித்தப்பாவும் உள்ளே இருந்தார். 20 நிமிடம் கழித்து நான் கச்சான் சரையோடு திரும்பி வந்தால், லீற்றருக்கு எத்தனை கிலோமீற்றர் என்று டாஷ்போர்டில் காட்டுகிற எண்ணை அவர் முறைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

"தம்பி, இஞ்சை பார். வரேக்கை 13 காட்டினது. இப்ப 9. கார் நிண்டபடி நிக்குது, இலக்கம் மட்டும் இறங்கிக்கொண்டே போகுது. திரும்பவும் இன்ஜெக்டர் பழுதாப் போச்சோ?"

அந்தத் 'திரும்பவும்' என்ற சொல்லுக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. சில மாதங்களுக்கு முன்பும் இதே சந்தேகத்தோடு ஒரு கராஜுக்குப் போயிருக்கிறார். அங்கே எஞ்சினுக்குள் பெற்றோலைப் பீச்சுகிற நான்கு இன்ஜெக்டர்களையும் கழற்றிக் கழுவிப் பூட்டி, காசையும் வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள். அதன் பிறகும் கார் நின்றால் எண் இறங்கத்தான் செய்தது. இறங்காமல் வேறு என்ன செய்யும்? காரில் பழுது ஒன்றும் இல்லை. கணக்கு அப்படி.

வன்னியில் இந்தக் கேள்வி கொஞ்சம் கூடுதலாகவே வருகிறது என்று நினைக்கிறேன். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தியபின், தனியார் கார்கள் மீண்டும் இறங்க 2025 பெப்ரவரி ஆகிவிட்டது. அந்த ஐந்து வருடமும் இருந்த கார்களைத்தான் கைமாற்றிக் கைமாற்றி ஓடினோம். ரீகண்டிஷனாக வந்த யப்பான் கார்கள், அதற்கும் முந்திய நிசான் சன்னிகள், டொல்பின் வான்கள். கார் பழசாகப் பழசாக 'லீற்றருக்கு எவ்வளவு ஓடுது?' என்ற கவலையும் கூடும், மீற்றரில் அசைகிற ஒவ்வொரு எண்ணும் ஒரு நோயின் அறிகுறி போலத் தெரியும்.

சித்தப்பாவின் கார் 2007 ரொயோட்டா அக்ஸியோ. அதன் திரையில் உள்ள எழுத்தெல்லாம் யப்பான் எழுத்து. இரண்டு கணக்குக் காட்டும். இரண்டிலும் 'நென்பி' என்று வாசிக்கிற ஒரே சொல் வரும். அதன் முதல் எழுத்துக்கு எரிதல் என்று பொருள், இரண்டாவதற்குச் செலவு. அந்தச் சொல்லுக்கு முன்னால் 'ஹெய்கின்' என்று இருந்தால் சராசரி, 'ஷுன்கான்' என்று இருந்தால் அந்தக் கணத்தின் கணக்கு. இந்த வித்தியாசம் தெரியாமலே எங்கள் ஊரில் எத்தனையோ பேர் வருடக்கணக்கில் ஓடுகிறார்கள். பிழையில்லை, யப்பான் பாஷை படித்துவிட்டா கார் வாங்குகிறோம்?

எந்தக் கணக்கானாலும் உள்ளே நடப்பது ஒரு வகுத்தல்தான். ஓடிய தூரத்தை எரிந்த பெற்றோலால் வகுக்கிறது. அந்தக் கணத்தின் கணக்கில் இது உடனே தெரிந்துவிடும். கார் நிற்கும்போது தூரம் பூச்சியம், பெற்றோல் எரிந்துகொண்டே இருக்கிறது. பூச்சியத்தை எதனால் வகுத்தாலும் பூச்சியம். அதனால் லீற்றருக்கு 0.0 கிலோமீற்றர் என்று காட்டும். மிக நல்ல எஞ்சினும் 0.0, புகை தள்ளுகிற எஞ்சினும் 0.0. இந்தப் பூச்சியத்தில் இருந்து எஞ்சினைப் பற்றி ஒரு விஷயமும் அறிய முடியாது.

ஐரோப்பியக் கார்களில் கணக்கைத் தலைகீழாகப் போடுவார்கள். 100 கிலோமீற்றருக்கு எத்தனை லீற்றர் என்று கேட்பார்கள். இப்போது வகுக்கிற இடத்தில் தூரம் வந்துவிடும். நிற்கும்போது பூச்சியத்தால் வகுக்க வேண்டும், அதற்கு விடையே கிடையாது. ஆகவே சில கார்களில் எண் போய் வெறும் கோடுகள் வரும். சிலதில் திரையில் எழுதக்கூடிய ஆகப் பெரிய எண் வந்து நிற்கும். அதைப் பார்த்து நெஞ்சு பதற வேண்டியதில்லை. ஃபோக்ஸ்வாகன் போன்ற சில கார்கள் இந்த இடத்தில் கெட்டித்தனமாக ஒன்று செய்யும். கார் நின்றவுடன் கேள்வியையே மாற்றி, மணித்தியாலத்துக்கு எத்தனை லீற்றர் என்று காட்டத் தொடங்கும். நிற்கிற காரிடம் கேட்க வேண்டிய கேள்வி அது ஒன்றுதான். யப்பான்காரரும் அதைச் செய்திருந்தால் சித்தப்பாவுக்கு இன்ஜெக்டர் கழுவின காசு மிஞ்சியிருக்கும்.

சராசரிக் கணக்குக் கொஞ்சம் சூட்சுமமானது. முறிகண்டியில் நடந்ததையே எடுத்துப் பார்ப்போம். சித்தப்பா கிளிநொச்சி பெற்றோல் செட்டில் ராங்கை நிரப்பியதும் சராசரியைப் பூச்சியமாக்கிவிட்டார். அது அவருடைய பழக்கம். அங்கிருந்து முறிகண்டிக்கு 12 கிலோமீற்றர் என்று வையுங்கள். 13.0 காட்டியது என்றால் அதுவரை எரிந்தது 0.92 லீற்றர். ஏசியோடு 20 நிமிடம் நின்றதில் இன்னும் ஒரு 0.4 லீற்றர் போயிருக்கும். இப்போது 12 கிலோமீற்றரை 1.32 ஆல் வகுங்கள். 9.1 வரும். அவர் கண்ட எண் சரிதான்.

அதே கார், அதே 20 நிமிடம். ஆனால் சராசரியைப் பூச்சியமாக்கி ஏற்கெனவே 400 கிலோமீற்றர், லீற்றருக்கு 14 வீதம் ஓடியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? முறிகண்டிக்கு வரும்போது 14.0 என்று இருந்தது, நின்று எழும்பும்போது 13.8 ஆகியிருக்கும். சித்தப்பா அதைக் கவனித்திருக்கவே மாட்டார். எரிந்த பெற்றோல் இரண்டிலும் ஒன்றுதான். முந்தியது ஒரு கிளாஸ் தண்ணீரில் ஒரு கரண்டி உப்பு, பிந்தியது ஒரு குடம் தண்ணீரில் அதே கரண்டி. நாங்கள் உப்பை அளக்காமல் நாக்கை நம்புகிறோம்.

முறிகண்டியில் இருந்து வவுனியாவுக்கு இன்னும் 65 கிலோமீற்றர் அளவில் இருக்கிறது. மாங்குளம், புளியங்குளம், ஓமந்தை என்று நேரான, மேடு பள்ளம் இல்லாத வீதி. லீற்றருக்கு 15 வீதம் ஓடினால், போய்ச் சேரும்போது சராசரி 13.6 ஆக ஏறியிருக்க வேண்டும். "பாருங்கோ சித்தப்பா, திரும்ப ஏறும்" என்று சொல்லிக்கொண்டே போனேன். வவுனியா நகரத்துக்குள் நுழைகையில் 13.5 காட்டியது. எங்கும் நிற்காமல் வந்திருந்தால் 14.5 அளவில் இருந்திருக்கும். அந்தச் சொச்சத்தை முறிகண்டியில் கொடுத்துவிட்டோம். பிள்ளையாருக்கு இல்லை, ஏசிக்கு.

அந்த 0.4 லீற்றர் சின்னத் தொகைதானே என்று தோன்றலாம். 2022 ஜூன் கடைசியில் 92 ஒக்டேன் லீற்றர் 470 ரூபாயைத் தொட்டது. அந்த விலைக்கு 0.4 லீற்றர் 188 ரூபாய். ஜூலையில் பெற்றோலைப் பங்கிடக் கியூஆர் முறை வந்தபோது காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர், ஓட்டோவுக்கு 5, மோட்டார் சைக்கிளுக்கு 4. வரிசையில் காரைத் தள்ளிக்கொண்டு முன்னேறியவர்களை அந்த நாட்களில் பார்த்திருக்கிறோம். ஸ்டார்ட் பண்ணினால் எரியும் என்பதை அவர்களுக்கு எந்த மீற்றரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

இனி என்னுடைய கார். அது இந்த அக்ஸியோவுக்கு நேர் எதிராகப் பேசும். 1980களில் வந்த நிசான் சன்னி, இன்ஜெக்டருக்குப் பதிலாகப் பெற்றோலையும் காற்றையும் கலந்து கொடுக்கிற கார்பரேற்றர் உள்ள எஞ்சின். ஊரில் அதைச் 'சனி' என்றுதான் சொல்வார்கள், காரணம் பெயர் மட்டும் இல்லை. அதில் கம்பியூட்டர் ஒன்றும் கிடையாது. ஆனால் டாஷ்போர்டுக்குக் கீழே வட்டமாக ஒரு வக்கியூம் மீற்றர் பூட்டி வைத்திருக்கிறேன். எழுபதுகளில் உலகமெங்கும் எண்ணெய் விலை ஏறியபோது இந்த மீற்றரை 'எகனமி மீற்றர்' என்று பெயர் வைத்து விற்றார்கள். சில கார்களில் கம்பனியே பூட்டி விட்டது. முகப்பில் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று நிறம் அடித்திருக்கும். முள் பச்சையில் நின்றால் சிக்கனம், சிவப்புக்குப் போனால் வீண்.

வேடிக்கை என்னவென்றால், கார் ஸ்டார்ட்டில் சும்மா நிற்கும்போது இந்த முள் நல்ல பச்சையில் நிற்கும். அக்ஸியோ 'பூச்சியம்' என்று அழுகிற அதே நிலையில் சன்னி 'பிரமாதம்' என்று சிரிக்கும்.

காரணம் இதுதான். இந்த மீற்றர் பெற்றோலையும் அளப்பதில்லை, தூரத்தையும் அளப்பதில்லை. எஞ்சினுக்குள் காற்றுப் போகிற குழாயில் உள்ள உறிஞ்சலை மட்டும் அளக்கிறது. ஆக்சிலேற்றரில் இருந்து காலை எடுத்தால் காற்றுக் கதவு மூடிக்கொள்ளும். உள்ளே பிஸ்டன்கள் இழுத்துக்கொண்டே இருக்கும், வரக் காற்று இல்லை. மூக்கைப் பொத்திக்கொண்டு மூச்சு இழுப்பது போல. கடல் மட்டத்தில் நல்ல எஞ்சின் ஸ்டார்ட்டில் நிற்கும்போது உறிஞ்சல் பாதரச அளவில் 17 முதல் 21 அங்குலம் வரை இருக்கும். ஆக்சிலேற்றரை முழுவதும் மிதித்தால் கதவு திறந்து, முள் பூச்சியத்துக்குப் பக்கத்தில் விழும். ஓடுகிற காரில் இது உதவியான விஷயம். 60இல் போகும்போது முள் உயரத்தில் நின்றால் காலை மெல்ல வைத்திருக்கிறீர்கள் என்று பொருள். நிற்கிற காரில் இதே முள் சிக்கனத்தைப் பற்றி ஒன்றுமே சொல்லவில்லை. கதவு மூடியிருக்கிறது என்பதைத்தான் சொல்கிறது. அது எங்களுக்கே தெரியும்.

ஆனால் அந்த மீற்றரைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். சிக்கனம் பார்க்க உதவாத அந்த நேரத்தில்தான் அது எஞ்சினுக்கு நாடி பிடித்துப் பார்க்கும். முள் 18, 19இல் ஆடாமல் நின்றால் எஞ்சின் சுகமாக இருக்கிறது. ஆடாமல் நிற்கிறது, ஆனால் பதிவாக 12, 13இல் நிற்கிறது என்றால் எங்காவது குழாயோ காஸ்கட்டோ காற்றை உள்ளே விடுகிறது, அல்லது ரைமிங், அதாவது பொறி தட்டுகிற நேரம், பிந்திவிட்டது. ஒரே சீரான இடைவெளியில் டக், டக் என்று கீழே விழுந்து எழும்பினால் ஏதோ ஒரு வால்வு சரியாக மூடவில்லை. மெதுவாக ஏறி இறங்கி அலைந்தால் கார்பரேற்றரின் கலவையைப் பாருங்கள். என்னுடைய சன்னியில் ஒரு நாள் முள் 14க்கு வந்து நின்றது. பிரேக் மிதியை இலகுவாக்குகிற பூஸ்டருக்குப் போகிற றப்பர் குழாயின் நுனி வெடித்திருந்தது. அந்த நுனியை அரை அங்குலம் வெட்டிவிட்டுத் திரும்பச் செருகியதும் முள் 18க்கு ஏறியது. நான் கைத்தொழிலாக மெக்கானிக் வேலை செய்கிறவன் இல்லை. ஆனால் அந்த வட்ட மீற்றர் எனக்குக் கராஜ் செலவு நிறைய மிச்சம் பிடித்துத் தந்திருக்கிறது.

இன்னொரு சின்ன விஷயம். வன்னி தட்டையான, கடல் மட்டத்தை ஒட்டிய பூமி. அதனால் புத்தகத்தில் உள்ள எண்கள் இங்கே அப்படியே பொருந்தும். இதே காரை 1868 மீற்றர் உயரத்தில் இருக்கும் நுவரெலியாவுக்குக் கொண்டுபோனால் முள் ஆறு அங்குலம் அளவில் குறைவாகக் காட்டும். ஆயிரம் அடிக்கு ஓர் அங்குலம் என்பது கணக்கு. மேலே காற்றே அடர்த்தி குறைவு. எஞ்சினுக்கு ஒன்றும் ஆகவில்லை. டீசல் வான் வைத்திருப்பவர்கள் இந்த மீற்றரை வாங்கிக் காசைக் கரியாக்க வேண்டாம். பெரும்பாலான டீசல் எஞ்சினில் அப்படி ஒரு காற்றுக் கதவே இல்லை, முள் அசையக் காரணமும் இல்லை.

சரி, அக்ஸியோ போன்ற காரில் உள்ள கம்பியூட்டர் பெற்றோலை எப்படி அளக்கிறது? ராங்கில் இருந்து வருகிற குழாயில் அளவு மீற்றர் ஏதும் இல்லை. இன்ஜெக்டர் எவ்வளவு நேரம் திறந்திருந்தது என்று கணக்கு வைத்து, ஒரு விநாடிக்கு இவ்வளவு பாயும் என்ற தெரிந்த எண்ணால் பெருக்கிக்கொள்கிறது. ஓடும்போது இது பெரும்பாலும் சரியாக வரும். ஸ்டார்ட்டில் நிற்கும்போதுதான் இடிக்கும்.

ஏன் என்று பார்க்க எண்களுக்குள் இறங்க வேண்டும். நான்கு சிலிண்டர் எஞ்சின் நிமிடத்துக்கு 700 சுற்றுச் சுற்றுகிறது என்றால், நான்கு இன்ஜெக்டரும் சேர்ந்து நிமிடத்துக்கு 1400 தடவை பீச்சும். மணித்தியாலத்துக்கு 0.66 லீற்றர் எரிகிறது என்று வைத்தால் நிமிடத்துக்கு 11 மில்லிலீற்றர். ஒரு தடவைக்கு 0.008 மில்லிலீற்றர். ஒரு துளித் தண்ணீர் ஏறத்தாழ 0.05 மில்லிலீற்றர். அதாவது ஒரு துளியின் ஆறில் ஒரு பங்கு. இதைப் பீச்ச இன்ஜெக்டர் திறந்திருப்பது ஒரு விநாடியின் ஆயிரத்தில் இரண்டு அல்லது மூன்று பங்கு நேரம். அதிலும் மின்சாரம் வந்து ஊசி எழும்புவதற்கே கிட்டத்தட்ட ஒரு பங்கு போய்விடும். பற்றரி தளர்ந்திருந்தால் ஊசி இன்னும் மெதுவாக எழும்பும். கம்பியூட்டர் இதற்கெல்லாம் கழிவு போட்டுத்தான் கணிக்கிறது. ஆனால் 15 வருடம் ஓடிய இன்ஜெக்டர் புதிதில் எழும்பிய மாதிரியே இன்றும் எழும்பும் என்பது அதன் நம்பிக்கை. வேகமாக ஓடும்போது ஊசி நீண்ட நேரம் திறந்திருப்பதால் இந்தச் சின்னப் பிழை கரைந்துவிடும். ஸ்டார்ட்டில் நிற்கும்போது பிழையின் பங்கு பெரிது. பழைய காரில் நிற்கிற நேரத்து எண்ணைக் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் பார்க்க வேண்டும் என்று நான் சொல்வதற்கு இதுதான் காரணம்.

சரி பார்க்க வேறு வழி இருக்கிறது. ஸ்டியரிங்குக்குக் கீழே செருகுகிற சின்னப் புளூரூத் கருவி மலிவாகக் கிடைக்கிறது. பழைய யப்பான் கார்கள் சிலது அதற்குப் பதிலே சொல்லாது. பதில் சொல்கிற கார் என்றால், எஞ்சினுக்குள் விநாடிக்கு எத்தனை கிராம் காற்றுப் போகிறது என்று ஃபோனில் காட்டும். 1500 சிசி எஞ்சின் சூடேறி, ஏசி இல்லாமல் நிற்கும்போது 2 கிராமை ஒட்டி இருக்கும். ஒரு பங்கு பெற்றோலுக்கு 14.7 பங்கு காற்று என்பது இயற்கையின் கணக்கு. 2ஐ 14.7ஆல் வகுத்தால் விநாடிக்கு 0.136 கிராம் பெற்றோல், மணித்தியாலத்துக்கு 490 கிராம். ஒரு லீற்றர் பெற்றோல் 745 கிராம் அளவில் இருக்கும். விடை 0.66 லீற்றர். மேலே நான் எடுத்த எண் வந்த வழி இதுதான்.

கார்பரேற்றர் காரில் இந்த வசதி ஒன்றும் இல்லை. ஆனால் எங்கள் ஊர்க்காரருக்கு அதைவிட நல்ல மீற்றர் ஒரு காலத்தில் இருந்தது. தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடைக் காலத்தில் வன்னியிலும் யாழ்ப்பாணத்திலும் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடியதை அந்தத் தலைமுறைக்குச் சொல்லத் தேவையில்லை. குளிர்ந்த எஞ்சின் மண்ணெண்ணெயில் பிடிக்காது. அது ஆவியாகச் சூடு வேண்டும். ஆகவே ஒரு சின்னப் போத்தலில் பெற்றோல், அதில் இருந்து ஒரு மெல்லிய குழாய். ஒரு சொட்டுப் பெற்றோலில் ஸ்டார்ட் பண்ணி, சூடு பிடித்ததும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். ஆஸ்டினும் மொறிஸும் வெள்ளைப் புகையோடு இருமிக்கொண்டே ஓடின. போத்தலில் மட்டம் இறங்குவது கண்ணுக்கு முன்னால் தெரியும். அது வகுக்கவும் இல்லை, பெருக்கவும் இல்லை. இவ்வளவு நேரத்தில் இவ்வளவு போனது, அவ்வளவுதான்.

அந்தக் காலத்தில் சந்தியில் இறங்கிச் சாமான் வாங்கப் போகிறவர் காரை நிறுத்தமாட்டார். எஞ்சின் ஆறிவிட்டால் திரும்பவும் அந்தப் போத்தல் பெற்றோலைத் தொட வேண்டும், பெற்றோலோ பொன்னுக்குச் சமம். மண்ணெண்ணெய் எரிந்தால் எரியட்டும் என்று விட்டதில் நியாயம் இருந்தது. எங்கள் பெரியவர்கள் இன்றைக்கும் காரை ஸ்டார்ட்டில் விட்டுவிட்டு அரை மணித்தியாலம் கதைப்பதற்கு அந்தப் பழக்கமும் ஒரு காரணமோ என்று எனக்கு ஓர் ஐயம் உண்டு. இன்றைய இன்ஜெக்டர் காருக்கு அந்த நியாயம் பொருந்தாது. சூடான எஞ்சினைத் திரும்ப ஸ்டார்ட் பண்ண எரிவது சில விநாடி நின்றால் எரிகிற அளவுதான். கிளிநொச்சி ரயில் கடவையில் படலை விழுந்தால் தயங்காமல் நிறுத்தலாம். பற்றரியும் ஸ்டார்ட்டரும் சாகக் கிடக்கிற காருக்கு மட்டும் இதைச் சொல்லமாட்டேன். காலையில் ஐந்து நிமிடம் சூடேற்றுவதும் அப்படித்தான். குளிர் நாட்டுப் பழக்கம் அது, எங்கள் வெயிலுக்குத் தேவையில்லை. சன்னி போன்ற கார்பரேற்றர் கிழங்களுக்கு அரை நிமிடம் கொடுங்கள், போதும்.

கார்பரேற்றர் கார்க்காரர் இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். ஸ்டார்ட்டில் நிற்கும்போது பெற்றோல் வருகிற ஓட்டை வேறு, ஓடும்போது வருகிற ஓட்டை வேறு. காற்றுக் கதவு மூடியிருக்கையில் தனியான ஒரு சின்ன ஜெட்டில் இருந்து வருகிறது. அதைக் கூட்டிக் குறைக்கத்தான் கார்பரேற்றரில் ஒரு திருகாணி இருக்கிறது. அதை முறுக்கி, நிற்கும்போது புகையைக் குறைத்துவிட்டு, 'இனி லீற்றருக்குக் கூட ஓடும்' என்று சொல்கிறவர் வீதியில் ஓடுகிற கணக்கைத் தொடவே இல்லை. அது பெரிய ஜெட்டின் பாடு.

நிற்கிற கணக்கு ஓடுகிற காருக்குள்ளும் ஓர் இடத்தில் நுழையும். தட்டையான வீதியில் நியூற்றலில் விட்டு உருள்வது இங்கே பலருக்குப் பழக்கம். 60இல் நியூற்றல் போட்டால் எஞ்சின் ஸ்டார்ட்டில் நிற்பது போலத்தான் எரியும், மணித்தியாலத்துக்கு 0.7 லீற்றர். கார் மட்டும் 60இல் உருளும். 60ஐ 0.7ஆல் வகுத்தால் லீற்றருக்கு 86 அளவில். மீற்றரில் அந்த எண்ணைக் கண்டால் மனம் குளிரும். கியரிலேயே விட்டுக் காலை எடுத்தால் இன்ஜெக்டர் கார் பெற்றோலை அடியோடு வெட்டிவிடும், மீற்றர் எட்டக்கூடிய உச்சிக்குப் போய் நிற்கும். ஆனால் எஞ்சின் பிடித்து இழுப்பதால் கார் சீக்கிரம் வேகம் குறையும். முன்னால் நிறுத்த வேண்டிய சந்தி இருந்தால் கியரில் விடுவதே நல்லது. எஞ்சினையே நிறுத்திவிட்டு உருள்கிற ஆட்களும் இருக்கிறார்கள். பிரேக் பூஸ்டருக்கு உறிஞ்சல் தருவது எஞ்சின். இரண்டு மூன்று மிதிக்குப் பிறகு பிரேக் கல்லாகிவிடும். மாடுகள் குறுக்கே வருகிற எங்கள் வீதிகளில் அந்த விளையாட்டு வேண்டாம்.

வவுனியாவில் அலுவல் முடிந்து திரும்பும்போது சித்தப்பாவுக்கு ஒரு வழி சொன்னேன். மணித்தியாலத்துக்கு எத்தனை லீற்றர் என்று அவருடைய கார் காட்டாது. ஆனால் காட்டுகிற எண்களில் இருந்தே அதைப் பிடுங்கலாம். சராசரியைப் பூச்சியமாக்கி, எஞ்சின் சூடாக இருக்கும்போது சரியாக 5 கிலோமீற்றர் ஓட வேண்டும். நிழலான இடமாகப் பார்த்து நிறுத்தி, சராசரியைக் குறித்துக்கொள்ள வேண்டும். 5ஐ அந்த எண்ணால் வகுத்தால் அதுவரை எரிந்த பெற்றோல். பிறகு ஸ்டார்ட்டிலேயே 10 நிமிடம் மணிக்கூட்டைப் பார்த்தபடி நின்று திரும்பவும் குறிக்க வேண்டும். திரும்பவும் 5ஐப் புதிய எண்ணால் வகுத்தால் வருகிற வித்தியாசம் 10 நிமிடத்துக்கு எரிந்தது. ஆறால் பெருக்கினால் மணித்தியாலத்துக்கு. தூரத்தைக் கூட்டிவிட்டால் எண் அசையாது, அந்தக் குடத்துத் தண்ணீர்க் கதைதான்.

மாங்குளம் தாண்டி ஒரு மருத மரத்துக்குக் கீழே செய்து பார்த்தோம். 5 கிலோமீற்றர் முடிய 12.5. ஏசி இல்லாமல் 10 நிமிடம் நிற்க 9.6. ஏசியைப் போட்டு இன்னும் 10 நிமிடம் நிற்க 7.0. எழுத வேறு கடதாசி இல்லை. கச்சான் சரையைப் பிரித்து அதன் உட்பக்கத்தில் கணக்குப் போட்டார். 0.400, 0.521, 0.714. ஏசி இல்லாமல் மணித்தியாலத்துக்கு 0.73 லீற்றர், ஏசியோடு 1.16. முறிகண்டியில் நின்ற 20 நிமிடத்துக்கு 0.39.

கொஞ்ச நேரம் சரையைப் பார்த்துக்கொண்டிருந்தவர், "அப்ப அந்த இன்ஜெக்டர் கழுவினவன்..." என்று தொடங்கினார். பின் இருக்கையில் இருந்து அம்மம்மா, "கணக்கு முடிஞ்சுதெண்டால் ஏசியைப் போடு மோனே, வேர்க்குது" என்றா.